தொழில்நுட்பத் தமிழ் எழுத்து: கொங்கு வட்டாரம்

எந்திரம், மின்சாரம், வேளாண்மை ஆகியவற்றின் நுட்பங்களை, அவற்றைக் கையாள்கிறவருக்கே விளங்கும் தமிழில் எழுதும் முறை. கொங்கு நாட்டில் இதற்கான தேவை வகுப்பறைக்கு முன்பே கிணற்று மேட்டிலும் பட்டறையிலும் எழுந்தது. கோவையிலிருந்து துடியலூர் வழியாகப் பெரியநாயக்கன்பாளையம் செல்லும் மேட்டுப்பாளையம் சாலைக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு.

தமிழில் இத்தகைய எழுத்து பழையது. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார்.

கொங்கில் திருப்பத்தைக் கொண்டுவந்தது மின்சாரம். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மின்மோட்டார் செய்தார்கள். மாடு கட்டிக் கவலை இறைத்த தோட்டங்களுக்கு மெல்ல மெல்ல மோட்டார் வந்தது. கவலையில் எது அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். மோட்டாரில் தெரியாது, யாராவது விளக்கியாக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பம்பு தண்ணீரை இழுக்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். மேட்டில் வைக்கும் பம்பு செய்வது, உறிஞ்சு குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. கிணற்று நீரின் மேல் அழுத்தும் காற்றுதான் நீரைக் குழாயில் ஏற்றுகிறது. காற்றின் வலு கடல் மட்டத்திலேயே சுமார் 10 மீட்டரோடு முடிந்துவிடும். நடைமுறையில் 7 மீட்டர் ஏறினாலே நல்லது. ஆழக் கிணறுகளில் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைத்தது இதனால்தான். உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு கசிந்து குழாயில் காற்றுப் புகுந்தால், மோட்டார் ஓடியும் தண்ணீர் வராததற்குக் காரணமும் இதுவே. இந்த ஒரு விளக்கம் புரிந்த விவசாயி பாதிப் பழுதைத் தானே கண்டுபிடித்துவிடுவார். எளிய எழுத்து என்பது கடினமான சொல்லை மாற்றுவதோடு நிற்பதல்ல, இப்படிக் காரணத்தைக் கையில் கொடுப்பது.

இத்தகைய விளக்கத்தை இதழாகச் செய்தவர் ஜி.ஆர். தாமோதரன். 1951இல் தொடங்கிய பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வரான இவர் நிறுவிய ‘கலைக்கதிர்’ அறிவியல் இதழ் கோவையிலிருந்து வெளிவந்தது. ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் பொறியியலாளர் ஒருவர் தமிழ் வாசகரையும் தம் பொறுப்பாகக் கருதியது பெரிய காரியம்.

நூல் வடிவில் செய்தவர் பெரியசாமித் தூரன். அவினாசிலிங்கம் செட்டியார் நிறுவிய பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் தலைமையாசிரியராக இருந்த இவர், தமிழ் வளர்ச்சிக் கழகக் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியரானார். முதல் தொகுதி 1954இலும் பத்தாவது 1968இலும் வெளிவந்தன. அடுத்து 1976 வரை குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகள். தூரன் கவிஞர், இசைப்பாடல்கள் இயற்றியவர். பல துறை வல்லுநர்கள் எழுதியவற்றை ஒரே நடையில் சீராக்க அந்தச் செவி உதவியிருக்க வேண்டும்.

1971இல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ‘உழவரின் வளரும் வேளாண்மை’ இதழின் மூலம் இதே பணியை உழவர்களுக்குச் செய்கிறது.

இன்று தோட்டத்து மோட்டாரைச் செல்போனிலேயே ஓடவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மின்னணுப் பலகை இருக்கிறது. மூன்று ஃபேஸில் ஒன்று போனால், மீதி இரண்டில் மின்னோட்டம் அளவுக்கு மீறி, மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) கருகும். அதைத் தடுக்கவே அந்தப் பலகை மோட்டாரை நிறுத்துகிறது. இது தெரியாதவர் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை விலக்கிவிட்டு நேரடி இணைப்புக் கொடுப்பார், காயிலும் போகும். பெட்டியோடு வரும் தாளில், எந்த ஸ்க்ரூவை எங்கே முடுக்குவது என்பதற்கு முன்பாக, இந்தக் காரணம் தமிழில் இருக்க வேண்டும்.