இடைத்தளத்தில் போடப்பட்ட மேசை

அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் நார்மன் என்ற ஊரில் இருக்கிறது. அங்குள்ள பிஸல் நூலகத்துக்கு 2001இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. உயர்ந்த ஜன்னல்களும் மரவேலைப்பாடும் கொண்ட அதன் பெரிய வாசிப்பு அறை அழகானதுதான். ஆனால் அந்தத் தகுதியைப் பெற்றுத் தந்தது அதன் இடைத்தளத்தில் 1948இல் தனியாகப் போடப்பட்ட ஒரு மேசையின் கதை.

கறுப்பின, வெள்ளை மாணவர்களை ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிப்பது ஓக்லஹோமாவில் அன்று குற்றம். நிறுவனத்தை நடத்துபவர், ஆசிரியர், கூட அமர்ந்து படிக்கும் வெள்ளை மாணவர் என எல்லோருக்கும் அபராதம் உண்டு. மீறலின் ஒவ்வொரு நாளும் தனிக் குற்றமாகக் கணக்கில் வரும். நார்மனோ, இருட்டிய பிறகு கறுப்பினத்தவர் தங்கக் கூடாது என்று பெயரெடுத்த ஊர்.

1946இல் ஏடா லோயிஸ் சிப்யூல் என்ற இளம்பெண் அங்கே சட்டம் படிக்க விண்ணப்பித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1948 ஜனவரியில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்ததும், மாநில அரசு தலைமைச் செயலகக் கட்டடத்தில் அவசர அவசரமாக ஒரு ‘சட்டக் கல்லூரி’யைத் திறந்து, அங்கே போய்ப் படி என்றது. அவர் போகவில்லை.

அதே ஆண்டு ஜார்ஜ் மெக்லாரின் நீதிமன்ற உத்தரவோடு உள்ளே வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியர். ஏற்கெனவே முதுகலை முடித்தவர், கல்வியியலில் முனைவர் பட்டம் படிக்க வந்தார். பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. வகுப்பறையை ஒட்டிய சிற்றறையில் நாற்காலி போட்டது. உணவகத்தில் தனி மேசை, அதுவும் மற்றவர்கள் சாப்பிடாத நேரத்தில். நூலகத்தில் இடைத்தள மேசை. வாசிப்பு அறை மேசைகளில் அவர் உட்காரக் கூடாது. பிறகு வகுப்பறைக்குள் விட்டார்கள். அவர் இருக்கையைச் சுற்றி ஒரு கம்பித் தடுப்பு, ‘கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது’ என்று ஒரு பலகை. (நம் இடஒதுக்கீட்டையும் இந்த ‘ஒதுக்கப்பட்டது’ பலகையையும் ஒன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று உள்ளே கொண்டுவர, மற்றது உள்ளே வந்தவரை ஓரங்கட்ட.)

அதே புத்தகம், அதே பேராசிரியர், அதே பாடம், இதில் என்ன குறை என்பதே எதிர்த்தரப்பின் வாதம். தர்குட் மார்ஷல் உள்ளிட்ட வழக்கறிஞர்கள் மெக்லாரினுக்காக வாதாடினார்கள். 1950 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளியது. படிப்பது, விவாதிப்பது, சக மாணவர்களோடு கருத்துப் பரிமாறுவது எல்லாமே கல்வியின் பகுதி, தனிமேசை அதைக் கெடுக்கிறது, நாளை அவரிடம் படிக்கப் போகிறவர்களையும் அது பாதிக்கும் என்றது. 1954இன் பிரவுன் தீர்ப்புக்குப் பாதை போட்டவற்றில் இதுவும் ஒன்று.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு வரி உண்டு, அதிகம் பேசப்படாதது. தடை நீங்கிய பிறகும் சக மாணவர்கள் அவரை ஒதுக்கலாம், அது வேறு விஷயம், அரசு ஒதுக்குவதுதான் இங்கே கேள்வி என்றது நீதிமன்றம். இந்த இடத்தில் நம் சட்டம் அகலமானது. அதே 1950இன் ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்பின் 17ஆவது பிரிவு, தீண்டாமையை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. செய்வது அரசா, பக்கத்து இருக்கைக்காரரா என்று அது பார்ப்பதில்லை.

சட்டம் அகலம், நடைமுறை குறுகல். டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்பட்டதை 2007இல் தோரட் குழு பதிவு செய்தது. நான் பழகும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நூலகத்தைப் பற்றிப் பேசும்போது சொல்வதும் அதுதான்: “யாரும் போகச் சொல்லலக்கா. நாங்க உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க எழுந்து போயிடுறாங்க.”

இப்படி நடந்தால் தேதி, நேரம், எந்த மேசை, யார் இருந்தார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். மெக்லாரின் வழக்கின் தீர்ப்பில் இடைத்தள மேசை வரை எல்லாம் அப்படியே பதிவாகியிருக்கிறது.