கெடு முடிந்த ஊர்கள்

செக் நாட்டில் ஒருவர் "என் ஊர் ல்ஹொத்தா" என்றால், கேட்பவர் உடனே "எந்த ல்ஹொத்தா?" என்பார். போஹிமியா, மொராவியா, செக் சிலேசியா மூன்றிலுமாக அந்தப் பெயரில் 300க்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. பெரும்பாலும் சிற்றூர்கள். ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முன்னால் ஓர் அடைமொழி சேர்ப்பார்கள். த்லொவ்ஹா ல்ஹொத்தா என்றால் நெடியது, கமென்னா ல்ஹொத்தா என்றால் கல் நிறைந்தது, க்ராலோவா ல்ஹொத்தா அரசனுடையது. 'ல்ஹொத்கா' என்றால் சின்ன ல்ஹொத்தா. பெயர் வைப்பதில் இவர்களுக்குச் சோம்பலோ என்று தோன்றும். அப்படியில்லை. இது முதலில் ஊர்ப்பெயரே அல்ல, ஓர் ஒப்பந்தத்தின் பெயர்.

போஹிமியாவின் லாபே ஆற்றங்கரைச் சமவெளி மிகப் பழைய விளைநிலம். மக்கள்தொகை பெருகிய 12, 13ஆம் நூற்றாண்டுகளில் உழுவதற்கு மிஞ்சியிருந்தவை மேட்டுக்காடுகளே. காட்டால் பிரபுவுக்கோ மடத்துக்கோ சொல்லும்படி வருமானம் கிடையாது. ஆகவே 'லொகாத்தர்' என்ற ஒப்பந்தக்காரர் மூலம் குடியானவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நிலத்தை அளந்து பங்கிட்டுக் கொடுப்பது அவர் வேலை. பல ஊர்களில் அவரே தலைவராகவும் ஆகிவிடுவார்.

வந்தவர்கள் மரம் வெட்ட வேண்டும், வேரைத் தோண்ட வேண்டும், வீடு கட்ட வேண்டும். முதல் சில ஆண்டுகள் வயிற்றுக்கே போதாது, அதில் வாரம் எங்கே கொடுப்பது? எனவே குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வரியும் வாரமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். காடு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நீண்ட சலுகை. சில இடங்களில் ஐந்தாறு ஆண்டு, சில இடங்களில் இருபது. இந்தச் சலுகைக்குப் பழைய செக் மொழியில் 'ல்ஹோத்தா' என்று பெயர். சலுகை பெற்ற குடியிருப்புக்கும் அதுவே பெயராகிவிட்டது.

நில அமைப்பிலும் இதன் தடம் தெரியும். சமவெளியின் நடுவில் ல்ஹொத்தாக்கள் அரிது. பழைய ஊர்களுக்கு இடையே எஞ்சிய மேடுகளிலும், போஹிமிய மொராவிய உயர்நிலத்தின் சரிவுகளிலும்தான் அதிகம். காடழித்து எழுந்த ஊர்கள் பலவற்றில் ஓடையை ஒட்டி வீடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு நீளத் துண்டு நிலம் காட்டின் விளிம்புவரை ஏறிப் போகும். அதன் அளவு 'லான்'. இடத்துக்கு இடம் மாறினாலும் ஏறக்குறைய 18 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி ஊர்ப்பெயர்களை வைத்தே குடியேற்றத்தின் போக்கை ஆராய்ந்து, விளாதிமீர் ஷ்மிலவெர் 1960இல் போஹிமியா பற்றி ஒரு நூலே எழுதினார்.

இனி சொல். இதன் வேர் பாரமின்மையைக் குறிக்கும் பழைய ஸ்லாவிய வேர். இன்றைய செக் மொழியில் பளு இல்லாததை 'லெஹ்கீ' என்பதும் அதிலிருந்து வந்ததே. சுமையைக் குறைப்பது சலுகை. அதுதான் பொருள் மாறிய வழி. வேரில் இருந்த ககரம் செக்கில் ஹகரமானது. போலிஷில் மாறாமல் நின்றதால் அங்கே ஊர்ப்பெயர் 'லிகொத்தா'. கட்டோவிட்சே நகரில் ஒரு பகுதிக்கே அந்தப் பெயர் உண்டு. ஸ்லோவாக்கியாவில் 'லெஹொத்தா', சிலேசிய ஜெர்மானியர் வாயில் 'எல்கோட்'. ரஷ்யாவில் 'ல்கொத்தா' என்றால் ஓய்வூதியர் முதலானோருக்கு அரசு தரும் சலுகை. சமஸ்கிருத 'லகு'வும் இதே இந்தோ ஐரோப்பியக் குடும்பத்து உறவு. அந்த 'லகு'தான் தமிழுக்கு வந்து 'இலகு' ஆனது. ஈழத்தமிழர் பேச்சில் அன்றாடம் புழங்குகிறது. ல்ஹொத்தாவும் இலகுவும் தூரத்துப் பங்காளிகள்.

செக்கிலேயே இந்தச் சொல் இரண்டாகப் பிரிந்தது. ஊர்ப்பெயர் 'ல்ஹொத்தா' என்று குறிலோடு நின்றது. பொதுச்சொல்லின் நெடில் ஓகாரம் காலப்போக்கில் ஊகாரமாகி 'ல்ஹூத்தா' ஆயிற்று. பில்சன் நகருக்கு அருகே அந்த வடிவத்திலேயே ஓர் ஊரும் இருக்கிறது. இன்று நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் ல்ஹூத்தா என்றால் கெடு, தவணை: மேல்முறையீட்டுக்கு ஒரு ல்ஹூத்தா உண்டு. கட்டாதிருக்க அனுமதித்த காலம், கட்டியே தீரவேண்டிய நாளாக மாறிவிட்டது. வரலாற்றில் நடந்ததும் அதுதான் என்பதால் இந்த மாற்றத்தில் எனக்கு வியப்பில்லை. சலுகை தீர்ந்ததும் வாரம் தொடங்கியது. பெரும்பாலும் புனித ஜார்ஜ் நாளிலும் புனித ஹாவெல் நாளிலும் செலுத்த வேண்டும். பின்வந்த நூற்றாண்டுகளில் அதன்மேல் 'ரொபொத்தா' என்ற கட்டாய உழைப்பும் பெருகியது. 1775இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்த பிறகு அதை ஏழு நாளில் அதிகபட்சம் மூன்று நாள் என்று வரையறுத்தார்கள். முழுதாக ஒழிந்தது 1848இல். (காரெல் சாப்பெக்கின் நாடகத்து 'ரோபோ' பிறந்தது இந்தச் சொல்லிலிருந்துதான்.)

பெயரும் நடப்பும் முட்டிக்கொள்வதற்கு பெஸ்கிட் மலையடியில் உள்ள கொமொர்னி ல்ஹொத்காவை விட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1653இல் அந்த வட்டாரத்தை ஆண்ட தெஷின் பிரபு வம்சம் அற்றுப்போனபின் நிலங்கள் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்திடம் போயின; அவற்றை நிர்வகித்தது 'கொமொரா' என்னும் கருவூலம். அந்தக் கருவூலத்தின் ல்ஹொத்கா என்பதே பெயரின் பொருள். வரி வேண்டாம் என்ற பெயருக்கு முன்னால் வரி வாங்குபவனின் பெயர்!

ஊர்களில் கொஞ்சம் புகழ் பெற்றது தென் போஹிமியாவின் செர்வெனா ல்ஹொத்தா. குளத்தின் நடுவே, பாறைமேல் நிற்கும் செந்நிற மாளிகை. 'செர்வெனா' என்றாலே சிவப்புதான். கையில் காசின்றி நோயுற்ற இசையமைப்பாளர் டிட்டெர்ஸ்டோர்ஃபுக்கு அதன் உரிமையாளரான ஒரு பிரபு அடைக்கலம் தந்தார். டிட்டெர்ஸ்டோர்ஃப் 1799இல் இறந்ததும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான்.

இப்போது இந்த ஊர்கள் ஆண்டுதோறும் கோடையில், ஏதாவது ஒரு ல்ஹொத்தாவில் ஒன்றுகூடுகின்றன. ஸ்லோவாக்கியாவின் லெஹொத்தாக்காரர்களும் எல்லை கடந்து வந்துவிடுகிறார்கள்.