ரஷ்யாவில் கடன் அட்டை

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் ரஷ்யாவில் உருவான கடன் அட்டைச் சந்தையில் அட்டை முதலில் வந்தது. கடன் ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்தே வந்தது. சோவியத் காலத்தில், வெளிநாட்டு நாணயத்துக்குப் பொருள் விற்ற 'பெரியோஸ்கா' கடைகளில் வெளிநாட்டுப் பயணிகள் அட்டை நீட்டுவதைத் தவிர, உள்ளூர்க்காரர்களுக்கு அதனோடு பழக்கமில்லை.

புதிய வங்கிகளுக்கு யாரை நம்பிக் கடன் கொடுப்பது என்பதே சிக்கல். பழைய கடன் பதிவுகள் இல்லை. சம்பளத்தில் ஒரு பகுதி கணக்கில் வராமல் உறையில் கைமாறியதால், வருமானச் சான்றும் உதவவில்லை. ஆகவே தெரிந்தவர்களுக்கும், பெருந்தொகையை முன்வைப்பாகக் கட்டியவர்களுக்கும் மட்டுமே அட்டை கிடைத்தது. தன் பணத்தையே செலவழிக்கும் இதைக் கடன் அட்டை என்பது வேடிக்கைதான்.

வழி, தொழிற்சாலை வாசலில் கிடைத்தது. நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஊழியர் அத்தனை பேருக்கும் சம்பள அட்டையை வங்கிகள் வழங்கின. கேட்டு வாங்கியவர் குறைவு. சம்பளத்தன்று ஏடிஎம் முன் வரிசை நிற்கும். முழுத் தொகையும் அன்றே ரொக்கமாகிவிடும். வங்கிமேல் நம்பிக்கை அவ்வளவுதான். 1998 ஆகஸ்ட் நிதி நெருக்கடியில் இன்கோம்பாங்க் போன்ற பெரிய வங்கிகளே சரிந்தபோது, அந்த அவநம்பிக்கை வீண்போகவில்லை.

2000க்குப் பின் ருஸ்தம் தாரிகோவின் 'ரஷ்யன் ஸ்டாண்டர்ட்' வங்கி வேறு உத்தியைக் கையாண்டது. கடையில் தவணைக்கு டிவி, ஃப்ரிட்ஜ் வாங்கி ஒழுங்காகக் கட்டியவருக்குத் தபாலில் கடன் அட்டை அனுப்பியது. வட்டியோடு மறைமுகக் கட்டணங்களும் சேர்ந்ததால் புகார்கள் பெருகின. உண்மையான வட்டி விகிதத்தைச் சொல்லவேண்டும் என மத்திய வங்கி 2007இல் வற்புறுத்தியது. முன்பு இல்லாதிருந்த கடன் பதிவுகளுக்கு வழிசெய்த, கடன் வரலாறு பற்றிய சட்டமும் 2004 டிசம்பரில்தான் நிறைவேறியிருந்தது.

ஒலெக் தின்கோவ் கிளையே இல்லாத வங்கியைத் தபால் வழியே நடத்தினார். 2008இல் வோரோனெஜ்வாசி ஒருவர், அவ்வங்கி அனுப்பிய படிவத்தின் பொடி எழுத்து நிபந்தனைகளைக் கணினியில் திருத்தி, வட்டி பூஜ்யம் என்று எழுதித் திருப்பி அனுப்பினார். வங்கி படிக்காமலே கையெழுத்திட்டது. பின்னர் வழக்கு வந்தபோது, திருத்திய ஒப்பந்தம் செல்லும் என்றது நீதிமன்றம்.

கிரிமியா இணைப்பையொட்டிய அமெரிக்கத் தடைகளால் 2014 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் சில ரஷ்ய வங்கிகளுக்குச் சேவையை நிறுத்தின. அதன் எதிர்வினையாக அமைந்த தேசியக் கட்டண அமைப்பு, 2015 டிசம்பரில் 'மீர்' அட்டையை வெளியிட்டது. உள்நாட்டு அட்டைப் பரிவர்த்தனைகள் எல்லாம் அந்த அமைப்பின் வழியே செல்லத் தொடங்கியிருந்ததால், 2022 மார்ச்சில் இரு நிறுவனங்களும் விலகியபோதும், அவற்றின் பெயர் பொறித்த அட்டைகள் ரஷ்யாவுக்குள் தொடர்ந்து செல்லுபடியாயின.