மல நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சையின் தொன்மை: விநயபிடகச் சான்று குறித்து ஒரு மறுபார்வை

மல நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சை பற்றிய இன்றைய மருத்துவக் கட்டுரைகள் பலவும் அதன் தொடக்கத்தைக் கி.பி. 4ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் காண்கின்றன. கோ ஹோங் என்பார் கடும் வயிற்றுப்போக்குக்கு மலக்கரைசலைப் பருகக் கொடுத்த செய்தி முதற்சான்றாகக் காட்டப்படுகிறது. இதனினும் பழைய குறிப்பொன்று பாலி விநயபிடகத்தில் உண்டு. ஆயின் அக்குறிப்பு நிறுவுவது சிகிச்சையின் தொன்மையை அன்று. அதனைச் சூழ்ந்த ஒழுங்குமுறைச் சிக்கலின் தொன்மையை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மகாவக்கத்தின் ஆறாம் இயலான மருந்தியலில், பாம்பு தீண்டிய பிக்குவுக்கு மலம், சிறுநீர், சாம்பல், மண் ஆகிய நான்கு 'மகாவிகடங்கள்' அனுமதிக்கப்படுகின்றன. நஞ்சுண்ட பிக்குவுக்கு மலத்தைப் பருகக் கொடுக்கவும் இசைவு உண்டு. இங்கு நோக்கம் நஞ்சினை முறிப்பது. குடல் நுண்ணுயிர்களை மீட்பது அன்று. இதனை நம் முன்னோரின் நுண்ணுயிரியல் அறிவாகக் கொள்வது சான்றைக் கடந்து செல்வதாகும். கோ ஹோங் பற்றிய கூற்றும் இதே ஐயத்துக்கு உரியது.

கவனத்துக்குரியது அடுத்து எழும் வினா. பிக்கு எதனையும் பிறர் கொடுக்கப் பெற்றே உட்கொள்ள வேண்டும். அவ்வாறாயின் இப்பொருளையும் ஒருவர் கையிலிருந்து முறைப்படி ஏற்க வேண்டுமா? கொடுப்பவர் இருப்பின் ஏற்க வேண்டும், இல்லையேல் தானே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது நூல். பொருளின் பயனைவிட, அது எவ்வகையைச் சார்ந்தது, யார் கொடுப்பது என்பனவே அங்கு விதிக்குரியன ஆயின.

விநய மரபு சோழநாட்டுக்குப் புறத்ததன்று. புத்ததத்தர் தம் விநயவிநிச்சயத்தைக் களப்பிரர் காலத்தில் சோழநாட்டுப் பூதமங்கலத்தில் இயற்றினார். அபிதம்மாவதாரம் காவிரிப்பூம்பட்டினத்தில் எழுந்தது. அப்பட்டினத்துக்கும், இராசராசன் காலத்தில் சூளாமணி விகாரை எழுந்த நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்டது விழிதியூரை உள்ளடக்கிய காரைக்கால் கரை.

நவீன வரலாறு 1958இல், அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் நால்வருக்கு மல எனிமா அளித்ததோடு தொடங்குகிறது. 2013இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், மீண்டும் மீண்டும் வரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்றுடைய 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தனர். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நால்வரே குணமடைந்தனர். அதே ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதனை மருந்தாக வகைப்படுத்தி, சில வாரங்களில் இத்தொற்றுக்கு மட்டும் விதியைத் தளர்த்தியது. இத்தாலி இதனைத் திசுவின் பாற்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஒழுங்குமுறை மனித மூலப் பொருள்கள் என்னும் வகையுள் இதனை அடக்குகிறது. பழைய வினா புதிய சொற்களில் மீள்கிறது.

இந்தியாவில் லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரியினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் புண்ணழற்சி தணிந்த 61 பேரை 48 வாரம் கண்காணித்தனர். சிகிச்சை பெற்றோரில் 87.1 விழுக்காட்டினரும் போலி மருந்து பெற்றோரில் 66.7 விழுக்காட்டினரும் நோய் தணிந்த நிலையில் நீடித்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டம் நோய் தீர்க்கக் கருதப்படும் பொருள்கள் அனைத்தையும் 'மருந்து' என்பதனுள் அடக்குமளவு விரிந்த வரையறை உடையது. சட்டத்தின் சொல்லளவில் மலமும் அதனுள் அடங்கும். சட்டம் வகுத்தோர் இதனை எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

வகைப்பாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2019இல் அமெரிக்காவில், பல மருந்துகளுக்கு எதிர்ப்புடைய ஈ.கோலை கலந்த ஒரே கொடையாளரின் மலத்தைப் பெற்ற இருவர் கடுந்தொற்றுற்றனர்; ஒருவர் இறந்தார். இதன்பின் அத்தகைய நுண்ணுயிர் உடையோரைக் கொடையாளர் பட்டியலிலிருந்து விலக்கும் சோதனை கட்டாயமாயிற்று. தெற்காசியாவிலோ நலமுடையோர் குடலிலும் இவ்வகை நுண்ணுயிர்கள் பரவலாக உள. அயல்நாட்டு விதியை அப்படியே ஏற்பின், விழிதியூர் போன்ற ஊரின் நலமிக்க உழவர் பலர் கொடையாளராகத் தகுதி இழப்பர். ஏற்காவிடின் நோயாளிக்கு இடர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவுகோலை இம்மண்ணின் குடல் நுண்ணுயிர்த் தரவுகளைக் கொண்டே வகுக்க இயலும்.