நைதரசன் மூலங்கள்

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகிய நியூக்கிளிக் அமிலங்களில் மரபுச் செய்தியைத் தாங்கும் சேர்வைகள். அடினினும் குவானினும் இரட்டை வளையப் பியூரின்கள். சைற்றோசின், தைமின், யுராசில் ஆகியவை ஒற்றை வளையப் பிரிமிடின்கள். ஆர்.என்.ஏ.யில் தைமினின் இடத்தை யுராசில் பிடித்துக்கொள்கிறது.

முதலில் அகப்பட்டது குவானின். உரமாகப் பயன்பட்ட கடற்பறவை எச்சத்திலிருந்து 1844இல் உங்கர் அதைப் பிரித்தெடுத்தார். புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரைவலையில் ஏறும் சூடை மீன் வெள்ளியாக மின்னுவதும் அதன் தோலில் அடுக்கடுக்காகப் படிந்த குவானின் பளிங்குகளால்தான். அந்த மினுக்கத்துக்கும் மரபுக்கும் சம்பந்தமில்லை. அடினினை 1885இல் மாட்டின் கணையத்தில் கண்டவர் அல்பிரெக்ற் கொசெல். தைமினும் சைற்றோசினும் அவருடைய ஆய்வுகூடத்திலேயே வெளிவந்தன. யுராசிலை 1900இல் அஸ்கோலி மதுவத்திலிருந்து பெற்றார்.

பிறகு ஒரு நீண்ட தேக்கம். டி.என்.ஏ.யின் நான்கு மூலங்களும் சம அளவில், ஒரே ஒழுங்கில் மாறாமல் வருகின்றன என்றார் லெவீன். அப்படியானால் அதில் செய்தி எழுத இடமேது? அடினினும் தைமினும் சம அளவு, குவானினும் சைற்றோசினும் சம அளவு, ஆனால் இவ்விரு சோடிகளின் விகிதம் இனத்துக்கு இனம் வேறு என்று 1950இல் சார்காஃப் காட்டியதும் அக்கருத்து உடைந்தது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் சோடிகளை ஐதரசன் பிணைப்புகளால் இணைத்தனர். அடினின்–தைமினுக்கு இரண்டு பிணைப்புகள், குவானின்–சைற்றோசினுக்கு மூன்று என்பது இன்றைய கணக்கு.

புத்தளம் மாவட்டக் கரையில் இந்தச் சோடிச் சேர்க்கை பிழைப்போடு கலந்துவிட்டது. 1996இல் இலங்கையின் இறால் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் பரவி, சிலாபம், முந்தல் பகுதிக் குளங்கள் பல வெறுமையாயின. நோய்க்கிருமி ஒரு டி.என்.ஏ. வைரசு, அந்த டி.என்.ஏ.யின் நீளம் சுமார் 3 இலட்சம் மூலச் சோடிகள். மருந்து கிடையாது. எனவே குளத்தில் விடுமுன் குஞ்சுகளைப் பி.சி.ஆர். முறையில் சோதிப்பார்கள். நசுக்கிய குஞ்சுகளின் டி.என்.ஏ.யை 95 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் ஐதரசன் பிணைப்புகள் அறுந்து இழைகள் பிரியும். ஆற வைத்ததும் ஏறக்குறைய 20 மூலங்கள் கொண்ட துண்டுகள் வைரசின் வரிசை இருந்தால் மட்டும் போய் ஒட்டும், பிரதிகள் பெருகும். இறாலின் இன்னொரு நோயான மஞ்சள்தலை நோயின் வைரசு ஆர்.என்.ஏ. வகை என்பதால் அதை முதலில் டி.என்.ஏ.யாகப் படியெடுக்க வேண்டும்.

சோதனையில் தேறிய குஞ்சும் குளத்தில் தப்பும் என்பதில்லை. ஒரு பண்ணை ஒல்லாந்தர் கால்வாயில் விடும் நீரையே அடுத்த பண்ணை இறைக்கிறது. நண்டும் கிருமியைச் சுமக்கும். வலயம் வலயமாகக் குஞ்சு விடும் காலத்தை வகுத்திருப்பது அதனால்தான்.