தந்தையின் தியாகமும் பிள்ளைகளின் கடமையும்

போரில் வீழ்ந்த வீரரை நாடு ஒருநாள் விழா எடுத்துப் பாராட்டிவிடலாம். ஆனால், அந்த இழப்பை ஆயுள் முழுவதும் சுமந்து, அவர் நினைவைக் காத்து வருபவர்கள் அவருடைய மனைவியும் மக்களுமே. இதற்குச் சான்றாக விளங்குகிறது பரம்வீர் சக்ரா விருது பெற்ற மர்ஹூம் அப்துல் ஹமீது அவர்களின் குடும்பம்.

உத்தரப் பிரதேச மாநிலம் காஜிப்பூர் மாவட்டத்திலுள்ள தாமுப்பூர் என்னும் சிற்றூரில், 1933 ஜூலை 1ஆம் நாள் ஓர் எளிய தையற்காரரின் மகனாக அவர் பிறந்தார். 1954இல் இராணுவத்தில் சேர்ந்து, கிரனேடியர்ஸ் படைப்பிரிவின் 4ஆவது பட்டாலியனில் பணியாற்றினார். 1962இல் நடந்த சீனப் போரிலும் பங்கேற்றார்.

1965 செப்டம்பர் 10ஆம் நாள் காலை 8 மணிக்கு, பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் அணிவகுத்து முன்னேறின. கம்பெனியின் குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தாரான அப்துல் ஹமீது, பீரங்கி பொருத்திய ஜீப்பில் பக்கவாட்டாகச் சென்று, முன்னணியில் வந்த டாங்கியை வீழ்த்தினார். உடனே இடம் மாறி, மற்றொன்றையும் எரித்தார். அதற்குள் எதிரிகள் அவரைக் கண்டுகொண்டனர். குண்டுமழைக்கு நடுவிலும் வேறொரு டாங்கியைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தபோதே வீரமரணம் எய்தினார். அப்போது அவருக்கு வயது 32.

1966 குடியரசு தினத்தன்று, தமிழகத்தின் திருத்தணியில் பிறந்தவரான குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களின் கரங்களிலிருந்து அந்தப் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டவர் மனைவி ரசூலன் பீவி. நான்கு ஆண்மக்களையும் ஒரு மகளையும் வளர்க்கும் பொறுப்பு அவர் மீது விழுந்தது. கணவரின் அடக்கத்தலமோ வெகு தொலைவில், போர் நடந்த அசல் உத்தர் கிராமத்திலேயே அமைந்துவிட்டது. 2017இல், தள்ளாத வயதிலும் இராணுவத் தளபதி பிபின் ராவத்தைச் சந்தித்து, நினைவு நாளுக்குத் தம் ஊருக்கு வருமாறு அவர் அழைத்தார். தளபதியும் வந்து மரியாதை செலுத்தினார். 2019இல் அந்த அம்மையார் வஃபாத்தானார்.

பதக்கம் பெறாத வீரர்களோ எண்ணற்றோர். இரண்டாம் உலகப் போரில் மட்டும் சுமார் 25 இலட்சம் இந்தியர் படையில் பணிபுரிந்தனர். அவர்களுள் நம் குடும்பத்துப் பெரியவர்களும் இருந்திருக்கலாம். பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய படைச் சான்றிதழையும் கடிதத்தையும் பழைய தாள் என்று எறிந்துவிடாதீர்கள். பெயர், படைப்பிரிவு, பணிசெய்த ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை. நடந்ததை நடந்தவாறே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே பெற்றோருக்கு நாம் செய்யும் உண்மையான கண்ணியமாகும்.