வெளிப்பொருத்து எந்திரமும் பொருத்தும் உயரமும்

படகின் பின்பலகையில் கழற்றி மாட்டும்படி அமைந்த எந்திரம் வெளிப்பொருத்து எந்திரம் எனப்படும். மீனவர்கள் இதை அவுட்போர்டு என்பர். எந்திரத்தை எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும் என்ற கேள்வி, இதன் வரலாற்றோடு சேர்ந்தே வளர்ந்தது.

தொடக்கம்

1881இல் பிரெஞ்சுப் பொறியாளர் குஸ்தாவ் துரூவே, சுக்கானோடு இணைத்த, கழற்றக்கூடிய மின் எந்திரத்தைப் பாரிசின் செயின் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். வணிக வெற்றி கண்டவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட். அவர் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்ரோல் எந்திரம் 1.5 குதிரைத்திறன் உடையது. எடை சுமார் 28 கிலோ. துடுப்புப் படகுகள் அதனால் மெதுவாகவே ஓடின. விசிறி நீரில் முழுதும் மூழ்கியிருந்தால் போதும்; உயரம் பெரிய சிக்கலாகவில்லை.

வேகம் கூடியபோது

1921இல் எவின்ரூட் அலுமினியம் மிகுந்த, எடை குறைந்த இரட்டை உருளை எந்திரமான எல்ட்டோவை வெளியிட்டார். எந்திரங்களின் ஆற்றல் கூடக் கூட, படகுகள் நீரைக் கிழித்துச் செல்லாமல் நீரின்மேல் எழுந்து வழுக்கி ஓடத் தொடங்கின. அப்போது நீருக்குள் இருக்கும் எந்திரத்தின் கால்பகுதியே பெரும் தடையானது. உயரக் கணக்கு முக்கியமானது இதனால்தான். பின்னாளில் 15, 20, 25 அங்குலம் எனப் பின்பலகை உயரங்கள் வழக்கமாயின. அவற்றுக்கேற்ற கால் நீளத்தில் எந்திரங்கள் வருகின்றன.

உயரத்தின் விளைவு

விசிறிக்குச் சற்று மேலே கிடையாக ஒரு தட்டு நீண்டிருக்கும். மேலிருந்து காற்று விசிறிக்குள் இழுக்கப்படாமல் தடுப்பது இதன் வேலை. இத்தட்டு படகின் அடிப்பகுதியுடன் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பது தொடக்க நிலைக்கு ஏற்றது.

எந்திரம் மிகத் தாழ்ந்தால் நீரின் இழுவை கூடும்; நீர் தெறிக்கும்; எரிபொருள் வீணாகும். மிக உயர்ந்தால் திருப்பத்தில் விசிறி காற்றை விழுங்கும். அப்போது எந்திரம் இரையும், ஆனால் படகு முன்னேறாது. குளிர்விக்கும் நீர் புகும் துளையும் நீருக்கு மேலே வந்தால் எந்திரம் சூடேறிப் பழுதாகும். நடுக்கடலில் இது உயிருக்கே ஆபத்து.

சரிசெய்தல்

எந்திரத்தின் பிடிப்பகுதியில் மேலும் கீழுமாகத் துளைகள் இருக்கும். இவற்றின் இடைவெளி பெரும்பாலும் முக்கால் அங்குலம். படகைக் கரையில் நிறுத்தி, எந்திரத்தை அணைத்து, ஒரு முறைக்கு ஒரு துளை மட்டும் உயர்த்த வேண்டும். பிறகு வழக்கமான சுமையோடு ஓட்டி, நேர்வழியிலும் திருப்பத்திலும் பார்க்க வேண்டும். சுழற்சி திடீரெனக் கூடினாலோ, குளிர்நீர் வெளியேறும் தாரை மெலிந்தாலோ ஒரு துளை இறக்குவதே சரி. நம் கடற்கரையில் வெளிப்பொருத்து எந்திரம் மாட்டிய கண்ணாடியிழைப் படகுகளுக்கும் இக்கணக்கு பொருந்தும்.

நூறாண்டுகளில் எந்திரம் பலமுறை மாறியது. ஆனால் அதை உரிய உயரத்தில் மாட்டும் பொறுப்பு, இன்றும் படகு ஓட்டுபவரிடமே உள்ளது.